ஐந்து பக்கம் சொன்னால் உண்மையாகிவிடுமா?

இணையத்தைப் படித்து உண்மைகளைச் சேகரிக்கும் எந்திரத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் குழுவினருக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பு நான்கே வரி. அடுத்த மாதம் முதல் தமிழ்த் தகவல்களை ஆட்கள் சரிபார்க்க வேண்டியதில்லை. ஒரு தகவல் ஐந்து இணையப் பக்கங்களில் ஒரே மாதிரி வந்திருந்தால் தானாகவே உண்மைப் பட்டியலில் ஏறிவிடும். ஐந்துக்குக் குறைந்தால் 'தவறு' என்று ஒதுங்கிவிடும். 'தெரியாது' பட்டன் எடுக்கப்படுகிறது.

அந்தப் பட்டனை எட்டு மாதமாக அழுத்தியவர்களில் நானும் ஒருத்தி. வேலை போகிற ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். அதுவும் இருக்கிறது, மறைக்கவில்லை. மாதம் பிறந்தால் வீட்டில் கொடுக்கிற பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அது மட்டும் என்றால் உங்கள் மேலாளருக்கு எழுதியதோடு விட்டிருப்பேன். இரண்டு முறை எழுதினேன். "புள்ளிவிவரப்படி இதுதான் சரியாக வருகிறது" என்று இரண்டு முறையும் ஒரே பதில். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. உங்களுக்குத் தெரியும், போதும்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் பதினான்கு பேர் உட்கார்ந்திருப்போம். திரையின் மேலே ஒரு வாக்கியம் வரும், எந்திரம் எங்கோ படித்தது. கீழே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு பெயர், கடைசிக் கட்டத்தில் இன்னொரு பெயர், நடுவில் இரண்டுக்கும் என்ன உறவு என்பது. 'மேட்டூர் அணை, கட்டப்பட்ட ஆறு, காவிரி' என்கிற மாதிரி. அதற்கும் கீழே மூன்று பட்டன்: சரி, தவறு, தெரியாது. ஓரத்தில் 'சாட்சி' என்று ஓர் எண் இருக்கும். இதை எத்தனை பக்கங்களில் பார்த்தேன் என்று எந்திரம் சொல்கிற கணக்கு அது. ஒரு தகவலுக்குப் பன்னிரண்டு நொடி. யோசித்தால் பணம் குறையும்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் இது வந்தது: 'ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள், 22. சாட்சி 7.'

நான் தினமும் ஏறி இறங்குகிற பாதை அது. அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 வளைவு. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கிறது. வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக் காட்டுவதே அதை வைத்துத்தான். 'தவறு' அழுத்தப் போனவள், மேலே இருந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "வளைந்து நெளிந்து செல்லும் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் குளிர்ந்தக் காற்று நம்மை வரவேற்கும்."

'குளிர்ந்தக் காற்று.' அந்த க் அங்கே வரக்கூடாது. அந்தப் பிழை என்னுடையது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, கட்டுரைக்கு 200 ரூபாய் என்று ஒரு சுற்றுலாத் தளத்துக்கு எழுதிக்கொடுத்தேன். எண்ணாமல் கொள்ளாமல் அவசரத்தில் 22 என்று போட்டவளும் நான்தான். ஏழு பக்கங்களையும் திறந்து பார்த்தேன். ஏழிலும் அதே வாக்கியம், அதே க். ஒருவர் மட்டும் 'நம்மை' என்பதை 'உங்களை' என்று மாற்றியிருந்தார்.

எழுதியவளே தவறு என்கிறேன். உங்கள் எந்திரம் என்ன செய்தது? ஏழு சாட்சிக்கு எதிரே ஒரே ஆள் என்று கணக்குப் போட்டு, 'பெரும்பான்மைக்கு மாறான பதில்' என்று என் மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த மாதச் சம்பளத்தில் அது தெரிந்தது. தப்பாக எழுதியதற்கு 200 ரூபாய் வந்தது, அதைத் திருத்தப் போனதற்குப் பிடித்தம்.

ஏழு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் ஏழு சாட்சி. ஒருத்தி சொன்னதை ஆறு பேர் நகலெடுத்தால் அது ஒரே சாட்சிதான். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி சொல்ல யார் வந்தாலும் முதல் கேள்வி, "நீ கண்ணால பாத்தியா, காதால கேட்டியா?" என்பதுதான். உங்கள் எந்திரத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. அது தெரிந்த பதினான்கு பேரையும் இப்போது அனுப்புகிறீர்கள்.

நீங்கள் செய்கிற வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவள் நான். இந்த வேலைக்கு வந்த பிறகு இதன் கதையையும் தேடிப் படித்தேன். 1984இல் அமெரிக்காவில் டக் லெனட் என்பவர் 'சைக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தண்ணீர் நனைக்கும், செத்தவர் திரும்ப வரமாட்டார் என்கிற மாதிரி சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயங்களை ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினிக்கு எழுதினார்கள். பல பத்தாண்டுகள் எழுதியும் தீரவில்லை. கையால் எழுதி மாளாது, எந்திரமே படித்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வந்தது என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

அப்படிப் படிக்க விட்டதில் பெயர் பெற்றது 'நெல்'. நமக்கு வயல்தான் ஞாபகம் வரும். 'ஓயாமல் மொழி கற்பது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செலின் குழு 2010 ஜனவரியில் அதை ஓடவிட்டது. ராப்பகலாக இணையத்தைப் படித்தது. 67 நாள் ஓடியபோது அதனிடம் 2,42,453 தகவல்கள் இருந்தன. அவற்றில் சுமார் 74 சதவீதம் சரியாக இருக்கும் என்று அவர்களே மதிப்பிட்டு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 26 தப்பு என்று வாய்விட்டுச் சொன்னார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் அறிவிப்பில் அப்படி ஓர் எண் இல்லை.

நெல் செய்த ஒரு தப்பு பிரபலம். ரொட்டி, கேக், குக்கீ என்று அடுமனைப் பண்டங்களை ஒழுங்காகத்தான் சேர்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் இணையத் தளங்கள் நம் கணினியில் போட்டுவைக்கிற 'குக்கீ'யையும் தின்பண்டம் என்று எடுத்துக்கொண்டது. 'குக்கீகளை அழித்தேன்' என்று மக்கள் எழுதியிருந்தார்கள். 'கோப்புகளை அழித்தேன்' என்றும் எழுதியிருந்தார்கள். சரி, கோப்பும் தின்பண்டம்தான் என்று முடிவுகட்டியது. ஒரு தப்பு உள்ளே நுழைந்தால் அடுத்த தப்புக்கு அதுவே வாத்தியார். ஆரம்பத்தில் ஆள் தலையீடு இல்லாமல் ஓடிய எந்திரத்தை, சில மாதங்களில் அவர்களே கைவைத்துத் திருத்த வேண்டி வந்தது. அவர்கள் ஆள் சேர்த்த இடத்தில் நீங்கள் ஆளைக் கழிக்கிறீர்கள்.

குக்கீக்கு நான் சிரித்தேன். எங்கள் மாடியிலேயே அதன் தம்பிகள் வந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. 'ஜவ்வரிசி, வகை, அரிசி. சாட்சி 11.' பெயரில் அரிசி இருக்கிறதே! சேலத்தில் சேகோ ஃபேக்டரி இல்லாத திசை இல்லை. ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போனால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், அந்தப் புளித்த வாடை அப்படி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்து உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. அந்தக் கிழங்கை நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம், தெற்கே கப்பைக்கிழங்கு என்பார்கள். எந்திரத்தின் பட்டியலில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு, கப்பை என்று மூன்று செடிகள் தனித்தனியாக இருந்தன.

தமிழைப் படிக்கும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஒரு வழி காட்டினார். 'இன்னின்னவை போன்ற பழங்கள்' என்று ஒரு வாக்கியம் இருந்தால், அந்த இன்னின்னவை எல்லாம் பழம் என்று எந்திரம் புரிந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் வகை முன்னால் வரும், பெயர்கள் பின்னால் வரும். தமிழில் தலைகீழ். அதை நீங்கள் திருப்பிப் போட்டுவிட்டீர்கள், சரிதான். ஆனால் 'போன்ற' என்ற சொல்லுக்கு நம்மிடம் உவமை வேலையும் உண்டு. 'மல்லிகைப்பூ போன்ற இட்லி' என்று ஓட்டல்காரர்கள் எழுதுவார்கள். 'மல்லிகைப்பூ, வகை, இட்லி' என்று என் திரையில் வந்தது. சாட்சி 40க்கு மேல். உங்கள் புது விதிப்படி அது இனி தடையில்லாத உண்மை. 'ஏற்காட்டு' என்றும் ஓர் ஊர் பட்டியலில் இருந்தது. ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு என்று வருவதில் வேற்றுமை உருபைக் கழித்த மிச்சம் அது. அந்த ஊரில் மக்கள்தொகை கிடையாது, நல்லவேளை.

தமிழில் படிக்கப் பக்கம் போதவில்லை என்று ஆங்கிலப் பக்கங்களைத் தமிழாக்கி ஊட்டினீர்களே, அதன் பலன் இன்னும் வேடிக்கை. சேலத்தில் 1692இல் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள் என்று வந்தது. அது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். சேலம் ஒரு மாநிலத் தலைநகர் என்றும் வந்தது. அது ஆரிகன் மாநிலத்துச் சேலம். எங்கள் சேலம் மாநகராட்சி ஆனதே 1994இல்தான், தலைநகர் ஆசையெல்லாம் இன்னும் வரவில்லை. இதையெல்லாம் 'தவறு' என்று தட்டிக்கொண்டே போனோம். இனி யார் தட்டுவார்கள்?

இதுவரை சொன்னது எல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். இனி சொல்லப்போவது அப்படி இல்லை.

நான் மலையாளி. கேரளத்து மலையாளி இல்லை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை, ஜவ்வாது மலைகளில் இருக்கிற பழங்குடி. மலையை ஆள்கிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன், அவர்கள் வழி நாங்கள் என்று எங்கள் வீடுகளில் கதை உண்டு. எங்கள் மொழி தமிழ். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்கத் திரளும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் நாங்கள்தான். எந்தப் பழங்குடியையும்விட எண்ணிக்கையில் அதிகம்.

என் திரையில் வந்தது இது: 'ஏற்காடு மலையாளிகள், தாய்மொழி, மலையாளம். சாட்சி 9.' அடுத்தது, 'ஏற்காடு மலையாளிகள், முக்கியப் பண்டிகை, ஓணம். சாட்சி 6.' அதற்கும் அடுத்தது, 'ஏற்காடு, அதிகம் பேசப்படும் இரண்டாம் மொழி, மலையாளம்.' குக்கீ கதை அப்படியே. முதல் படியில் பெயரைத் தப்பாக எடுத்தது, அப்புறம் படிப்படியாக எங்களுக்கு ஒரு மொழியும் ஒரு பண்டிகையும் கொடுத்துவிட்டது. மூன்றுக்கும் 'தவறு' அழுத்தினேன். மூன்றுக்கும் மதிப்பெண் குறைந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்குப் புரியாமல் இருக்காது. அதே 2011 கணக்கில் மலையாள மொழி பேசுகிறவர்கள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. நாங்கள் மூன்றரை லட்சம். அவர்கள் நூறு என்றால் நாங்கள் ஒன்று. அவர்கள் எழுதுகிறார்கள், செய்தித்தாள் நடத்துகிறார்கள், இணையத்தில் நிறைந்திருக்கிறார்கள். எங்களைப் பற்றி இருப்பதோ நாலு ஆய்வுக் கட்டுரை, கொஞ்சம் சுற்றுலாப் பக்கங்கள். எண்ணிக்கையை வைத்து எடைபோட்டால் 'மலையாளி' என்ற சொல்லில் எங்களுக்கு இடமே மிஞ்சாது.

இது வெறும் பெருமைப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா மகன் போன வருடம் வெளியூரில் ஒரு கல்லூரி விடுதியில் சேரப் போனான். எந்தக் கல்லூரி என்று எழுதவில்லை. சாதிச் சான்றிதழைப் பார்த்த ஊழியர், "மலையாளின்னா கேரளா ஆச்சே, எப்படி எஸ்.டி.?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்க சார், ஏற்காடு" என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் போனை எடுத்துக் கேட்டிருக்கிறார். போன் அவரிடம் சொன்னது: மலையாளிகள் கேரளத்தைச் சேர்ந்தவர்கள், மொழி மலையாளம். அரசாங்க முத்திரை குத்திய தாள் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். அவர் போனைத்தான் நம்பினார். தாலுகா அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வாங்கிவர இவன் திரும்ப மலை ஏறினான். அந்த நான்கு நாளில் விடுதியில் இடம் முடிந்துவிட்டது. அந்த போனுக்குள் இருந்தது உங்கள் எந்திரம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் எந்திரத்தின் பட்டியலிலும் அதே வரி இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

சட்டத்தில் இது எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயரோடு சேலம், தருமபுரி உள்ளிட்ட சில மாவட்டங்களின் பெயரும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அந்த மாவட்டம் என்றால் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிற எங்கள் சனத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக ஒரே மக்கள், ஒரே பேச்சு, மலை மாறினால் பதில் மாறுகிறது. உங்கள் மூன்று கட்டங்களில் 'எங்கே' என்று எழுத ஒரு கட்டம் இல்லையே.

'எப்போது' என்பதற்கும் கட்டம் இல்லை. திருச்செங்கோடு எந்த மாவட்டம்? 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் எழுதியதைப் படித்தால் சேலம். பின்னால் எழுதியதைப் படித்தால் நாமக்கல். 1965க்கு முன்னால் தருமபுரியும் சேலம்தான். எல்லாம் எழுதப்பட்டபோது உண்மை. மேட்டூர் அணை இன்னும் மோசம். 'மேட்டூர் அணை, உயரம்' என்று மட்டும் எனக்கு முப்பதுக்கு மேல் விடைகள் வந்தன. 120 அடி, 97 அடி, 64 அடி, 103 அடி. செய்தித்தாளில் தினமும் போடுகிற நீர்மட்டத்தை அணையின் உயரம் என்று எடுத்துக்கொண்டது எந்திரம். 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் உயரம் 214 அடி, தண்ணீர் முழுக்கத் தேங்கினால் 120 அடி. சேலம் ஜில்லாவில் ஆடி மாதம் டீக்கடையில் பேப்பர் படிக்கிற யாரைக் கேட்டாலும் நீர்மட்டம் வேறு, அணை வேறு என்பார்கள். அதிகச் சாட்சி எதற்குத் தெரியுமா? 120க்கு. அணை நிறைந்தால்தானே எல்லோரும் எழுதுவார்கள்.

ஒருநாள் 'ஏற்காடு, கண்டுபிடித்தவர், காக்பர்ன்' என்று வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர், மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று பெயர். அதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கள் வீட்டிலும் காப்பிப் பழம் பறித்த கூலியில்தான் அடுப்பெரிந்தது. அன்றைக்கு ராத்திரி பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து மிளகுக் கொத்தை உதிர்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "கண்டுபுடிக்க நாம என்ன தொலைஞ்சா போயிருந்தோம்?" என்றார். அந்தப் பதிலுக்கு எந்தப் பட்டனை அழுத்துவது?

மறுநாள் நான் ஒரு சோதனை செய்தேன். வேலை நேரத்தில் செய்தேன், மன்னிக்கவும். புதிதாகத் தகவல் சேர்க்கிற பக்கத்தில், பெரியப்பா வீட்டுக்குக் கீழே இருக்கிற ஊற்றின் பெயரைப் போட்டு 'கோடையில் வற்றாதது' என்று எழுதினேன். சாட்சி 0. புது விதி வந்தால் அது தவறு என்று ஒதுங்கும். அன்று காலையில் அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவிவிட்டு பஸ் ஏறினேன். காணோம் என்பதற்கும் பொய் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்துக்குத்தான் 'தெரியாது' என்று பெயர் வைத்திருந்தோம்.

தமிழில் எழுதியது எல்லாம் இணையத்தில் இருக்கிறது, இருப்பதை எல்லாம் எந்திரம் படித்துவிட்டது என்ற நினைப்பிலேயே ஓட்டை இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியதே 2017இல்தான். இணையத்தை மொத்தமாகத் திரட்டி வைக்கிற காமன் கிரால் மாதிரியான கிடங்குகளில் தமிழ்ப் பக்கம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அரசு ஆவணங்களில் பாதி, தாளை ஸ்கேன் பண்ணிய படம். மீதியில் பழைய ஃபாண்ட். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கிற எழுத்து முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை போட்டது 2010இல். அதற்கு முன் தட்டச்சு செய்ததை எந்திரம் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எங்கள் ஊர் கிராமசபைத் தீர்மானம் நோட்டில் பேனாவால் எழுதியிருக்கிறது. அதை யாரும் ஐந்து தளத்தில் போடப் போவதில்லை. இணையத்தில் ஐந்து முறை வருவது சினிமாவும் சுற்றுலாவும் விளம்பரமும்தான்.

எந்திரத்திடம் நானும் கற்றிருக்கிறேன், அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறை ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி சர்ச்சில் இருக்கிறது என்று அதுதான் எனக்குச் சொன்னது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எத்தனையோ முறை அந்தச் சர்ச்சைத் தாண்டிப் போயிருக்கிறேன். 'தெரியாது' அழுத்திவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கல்லில் பெயர் இருந்தது. திங்கட்கிழமை வந்து 'சரி' என்று மாற்றினேன். ஒரு தகவலுக்குப் பன்னிரண்டு நொடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது.

ஆகவே நான் கேட்பது இவை.

'தெரியாது' பட்டனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பட்டியலிலும் அதற்குத் தனி இடம் கொடுங்கள். சாட்சி கிடைக்காததை 'தவறு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். உங்கள் எந்திரத்திடம் யாராவது கேட்கும்போதும் 'இதுபற்றி எனக்குத் தெரியாது' என்று அது சொல்லட்டும்.

சாட்சியை எண்ணும்போது நகலை ஒன்றாக எண்ணுங்கள். ஒரே வாக்கியம் ஏழு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடிப்பது உங்களுக்குக் கஷ்டமான வேலை இல்லை. எழுத்துப் பிழைகூட ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். நகலைக் காட்டி எங்களிடம் பிடித்த மதிப்பெண்ணையும் பணத்தையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு மட்டும் இல்லை, பதினான்கு பேருக்கும்.

ஒவ்வொரு தகவலோடும் எந்த வருடம், எந்த இடம் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் படிக்கவைத்ததைத் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள். அதைத் தமிழ்ச் சாட்சியாக எண்ண வேண்டாம்.

'மலையாளி' என்பதை இரண்டாகப் பிரியுங்கள். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள், அடுத்த பதிப்பு வெளியாகும் முன்பே. எங்கள் பெயரில் ஏறியிருக்கிற மொழி, பண்டிகை, பூர்வீகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எங்களைக் கேட்டு எழுதுங்கள். ஒரு சமூகத்தைப் பற்றிய தகவல் எதுவானாலும் அந்தச் சமூகத்து ஆட்களில் சிலரிடம் காட்டாமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம். அதற்குப் பன்னிரண்டு நொடிக் கூலி ஆகாது. நாள் கூலி கொடுங்கள், ஊருக்கு வந்து உட்காருங்கள். வாழவந்தி, மாரமங்கலம், நாகலூர் பக்கம் எல்லாம் பஸ் வருகிறது. நான் கூட வருகிறேன், அந்த நாளுக்கு எனக்குச் சம்பளம் வேண்டாம்.

ஆட்களை எடுக்கிற முடிவை நிறுத்திவைத்துவிட்டு, எங்கள் பதினான்கு பேரையும் நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். எட்டு மாதத்தில் நாங்கள் 'தவறு' என்று தள்ளியவற்றில் எத்தனை, புது விதிப்படி 'சரி' என்று ஏறும் என்ற கணக்கை எங்கள் முன்னால் வையுங்கள். அது உங்களிடம் இருக்கிறது. பார்த்த பிறகும் உங்கள் முடிவுதான் சரி என்றால், அந்த எண்ணை வெளியிட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொண்டை ஊசி வளைவு 20 என்று திருத்தித் தாருங்கள். 22 என்று எழுதியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். அந்தச் சுற்றுலாத் தளத்துக்கும் எழுதிப் பார்த்தேன். தளத்தையே மூடிவிட்டார்களாம். நகல் ஆறும் நன்றாக இருக்கின்றன.

பொங்கலுக்குள் பதில் வேண்டும். தமிழில் அனுப்புங்கள், பெரியப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சேலம் மாடியில் எட்டு மாதம் சரிபார்த்தவள்,
ஏற்காடு